உலக விவகாரமும் ஊர் விவகாரமும்

2024-ஆம் வருஷம் தேர்தல் வருஷமாகவே கழிந்தது. ஏப்ரல் 19-ந் தேதி தமிழ்நாட்டில் பார்லிமெண்டுத் தேர்தல். செப்டம்பர் 21-ந் தேதி இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல். நவம்பர் 5-ந் தேதி அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல். இம்மூன்றைப் பற்றியும் விழுப்புரம் ஜங்ஷன் வாசலிலும், திண்டிவனம் பஸ் நிலையத்து டீக்கடைகளிலும் நடந்த வாதப் பிரதிவாதங்களுக்குக் குறைவே இல்லை. அவ்வளவு வாதங்களுக்கும் அடியில் கிடந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். அதாவது, ஒரு நாட்டுக்குத் தலைவராக வர ஆசைப்படும் அபேட்சகரை நிறுத்துப் பார்க்கும்போது, அந்நிய நாடுகளோடு அவர் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு எவ்வளவு எடை போடுவது, சொந்த நாட்டு மக்களை ஒருவருக்கொருவர் சமமாக நடத்த என்ன செய்வார் என்பதற்கு எவ்வளவு எடை போடுவது என்பதேயாகும்.

இது படித்தவர்கள் பொழுது போக்கப் பேசும் பேச்சு என்று நம் தோழர்கள் தள்ளிவிடக் கூடாது. ஏனெனில், இந்தத் தராசில் கல் மாற்றி வைத்தே நம்மை வெகு காலமாக ஏய்த்து வந்திருக்கிறார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே மிச்சிகன் மாகாணத்தில் டியர்பார்ன் என்றொரு நகரம் உண்டு. அராபிய வம்சத்தார் ஏராளமாக வாழும் ஊர். 2020-இல் பைடனுக்கு ஓட்டை அள்ளிக் கொடுத்த அந்த ஊரார், காஸாவில் குண்டு போட ஆயுதம் கொடுத்த கட்சிக்கு இனி ஓட்டில்லை என்று 2024-இல் கை விரித்துவிட்டார்கள். அந்த நகரில் டிரம்பே முதலிடம் பெற்றார். அதே தேர்தலில் லட்சக்கணக்கான பெண்கள், தன் வயிற்றில் உண்டான கருவைச் சுமப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை தனக்கு வேண்டும் என்பதையே பெரிதாக எண்ணி ஓட்டளித்தார்கள். அந்த உரிமையை அவர்கள் நாட்டு சுப்ரீம் கோர்ட்டு 2022 ஜூன் மாதத்தில் பிடுங்கிக்கொண்டது. கர்ப்பத்தடையைப் பற்றி 1930-லேயே எழுதிய இயக்கம் நம்முடையதானதால், அப்பெண்களின் நியாயம் நமக்குச் சுலபத்தில் விளங்கும். தன் இனத்தான் குண்டுக்குச் சாவதைக் கண்ட அராபியனின் நியாயமும் விளங்கும். இருவரும் தங்கள் புத்தியைக் கொண்டு நிறுத்துப் பார்த்தார்கள். முடிவு வேறாயிற்று, அவ்வளவே.

நம்மவர்களோ, மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தில், கமலா ஹாரிஸின் தாத்தா ஊர் என்பதற்காக, அவர் ஜெயிக்க வேண்டுமென்று சாமிக்கு அபிஷேகம் செய்தார்கள். அந்தச் சாமிக்கு அமெரிக்க ஓட்டர் ஜாபிதாவில் பெயர் இல்லை போலிருக்கிறது! பாலும் தண்ணீரும் வீணானதுதான் மிச்சம். அந்த அம்மாள் கொள்கை என்ன, எதிரி கொள்கை என்ன என்று கேட்டவர் எத்தனை பேர்? நம் ஜாதி, நம் ஊர், நம் ரத்தம் என்ற கணக்குத் தானே அங்கே நடந்தது?

நிற்க, இலங்கைக்கு வருவோம். அங்கே 1978-ஆம் வருஷத்து அரசியல் சட்டப்படி ஜனாதிபதியே ஆட்சித் தலைவர். பட்டாளம் அவர் கையில். அந்நிய நாட்டு உடன்படிக்கையும் அவர் கையில். ஆகவே, அங்குள்ள தமிழர்கள் ஒரு அபேட்சகரைப் பார்த்து, யுத்தத்தில் காணாமற்போனவர்களுக்கு என்ன பதில், உலக நாடுகளின் விசாரணைக்கு உடன்படுவாயா என்று கேட்பதில் அர்த்தம் உண்டு. 2024-இல் அவர்களில் ஒரு சாரார் தங்களுக்கென்று ஒரு பொது அபேட்சகரை நிறுத்தி 2 லட்சத்து 26 ஆயிரம் ஓட்டுப் போட்டார்கள். அவர் ஜெயிக்க மாட்டார் என்று தெரிந்தே போட்டார்கள். மற்றொரு சாராரோ, விலைவாசி ஏறிக் கிடக்கிற நாட்டில் வயிற்றுப்பாட்டுக்கும் லஞ்ச ஒழிப்புக்கும் யார் வழி செய்வார் என்று பார்த்தார்கள். இரண்டும் நியாயமான கணக்கே.

ஆனால் நம் நாட்டுச் சங்கதி வேறு. இங்கே ஜனாதிபதியை நீங்களும் நாமும் தேர்ந்தெடுப்பதில்லை. பார்லிமெண்டு மெம்பர்களும் சட்டசபை மெம்பர்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022 ஜூலை 18-ந் தேதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டசபை மெம்பர் ஒருவர் ஓட்டுக்கு 176 மதிப்பு. விழுப்புரம் ஜில்லாவில் செஞ்சி, மயிலம், திண்டிவனம், வானூர், விழுப்புரம், விக்கிரவாண்டி, திருக்கோவிலூர் ஆகத் தொகுதி ஏழு. ஏழு பேருக்கும் சேர்த்து 1,232. இதுவே நம் ஜில்லாவின் சட்டசபைப் பங்கு.

அந்தத் தேர்தலில் நின்ற இருவரையும் பாருங்கள். ஒருவர் யஷ்வந்த் சின்ஹா. 2002 முதல் 2004 வரை இந்தியாவின் அந்நிய நாட்டு மந்திரியாக இருந்தவர். மற்றவர் திரௌபதி முர்மு. சந்தால் பழங்குடியில் பிறந்த பெண்மணி. ஒரு பக்கம் உலக விவகாரம், ஒரு பக்கம் சமூக விவகாரம் என்று தராசின் இரு தட்டு போலவே நிறுத்தியிருந்தார்கள். முர்மு அம்மையார் ஜெயித்தார். ஒரு பழங்குடிப் பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில் நமக்குச் சந்தோஷமே. ஆனால், 2023 மே 28-ந் தேதி புதிய பார்லிமெண்டுக் கட்டிடம் திறந்தபோது, திறந்தவர் பிரதம மந்திரி; ஜனாதிபதி அம்மையாருக்கு அழைப்பே இல்லை. செங்கோல் உள்ளே போயிற்று, மடாதிபதிகள் உள்ளே போனார்கள், ஜனாதிபதி வெளியே இருந்தார்! நாற்காலியில் யாரை உட்கார வைத்தோம் என்பதோடு சமூக நீதி தீர்ந்துபோகவில்லை, அந்த நாற்காலிக்கு என்ன அதிகாரம் கொடுத்தோம் என்றும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

அரசியல் சட்டம் 74-ஆம் பிரிவின்படி நம் ஜனாதிபதி மந்திரி சபையின் யோசனைப்படி நடக்க வேண்டியவர். சொந்தமாக ஒரு அந்நிய நாட்டுக் கொள்கை அவருக்கு இருக்க முடியாது. ஆதலால் நாம் நிறுத்துப் பார்க்க வேண்டிய அபேட்சகர், நம் வாசலுக்கு வந்து கும்பிடு போடும் பார்லிமெண்டு, சட்டசபை அபேட்சகரே. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதும் அவரே. யுத்தமா சமாதானமா என்று டில்லியில் கை தூக்குவதும் அவரே. நம் ஊர்ச் சேரிக்குப் பாதை உண்டா என்று கேட்க வேண்டியவரும் அவரே.

அப்படி 2024-இல் நம்மிடம் வந்து பேசப்பட்டது என்ன? ஓட்டுப் போட 19 நாள் இருக்கும்போது, மார்ச் 31-ந் தேதி, பிரதம மந்திரி கச்சத்தீவைக் கையில் எடுத்தார். 1974-இல் இந்திரா காந்தி சர்க்கார் இலங்கைக்கு விட்டுக்கொடுத்த, 285 ஏக்கர் விஸ்தீரணமுள்ள, குடியிருப்பார் ஒருவரும் இல்லாத தீவு அது. அங்குள்ள கடலில் ராமேஸ்வரத்து மீனவர்கள் பிடிபட்டு ஜெயிலுக்குப் போவது மெய். அவர்கள் துன்பம் பெரும் துன்பம். ஆனால் 50 வருஷத்துச் சங்கதி 19 நாளில் ஏன் அவசரமாயிற்று? தேர்தலும் முடிந்தது, ஜெயித்தவர்கள் மந்திரிகளானார்கள், தீவு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அதே நாளில் விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் நடந்தது என்ன? அங்கே திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 ஏப்ரல் திருவிழாவில் தாழ்த்தப்பட்ட இளைஞர்கள் நுழைந்தார்கள் என்பதற்காக அடி விழுந்தது. சமரசப் பேச்சுகள் முறிந்தன. ஜூன் 7-ந் தேதி சர்க்கார் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் ஹைகோர்ட்டு உத்தரவின்மேல் பூட்டுத் திறந்தது. ஆனால் பூசாரி மட்டும் போய் விளக்கேற்றி வரலாம், பொதுஜனங்கள் ஒருவரும் போகக் கூடாது என்று ஏற்பாடு. ஆகவே ஏப்ரல் 19-ந் தேதி விழுப்புரம் தொகுதியார் வரிசையில் நின்று, மேல்ஜாதி கீழ்ஜாதி என்று பாராமல் ஒரே மிஷினில் ஓட்டுப் போட்டபோது, அந்தக் கோயிலில் மனிதனுக்கு மனிதன் சமம் என்று ஒப்புக்கொள்ள முடியாமல் மனிதர் எல்லோரையும் வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள். 2025 ஏப்ரல் 17-ந் தேதிதான் போலீஸ் காவலோடு தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே போனார்கள்.

“சாமியே இல்லை என்கிற உங்களுக்குக் கோயில் நுழைவில் என்ன அக்கறை?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. கோயிலுக்குள் இருப்பது கல் என்பது நமது அபிப்பிராயம். ஆனால் அந்தக் கல்லைப் பார்க்க ஒருவனுக்கு வழி உண்டு, ஒருவனுக்கு வழி இல்லை என்று பிறப்பைக் காட்டித் தடுப்பது கல்லைப் பற்றிய சங்கதி அல்ல. மனிதனைப் பற்றிய சங்கதி. உள்ளே போய்க் கும்பிடுவதா, கும்பிடாமல் திரும்பி வருவதா என்பது அவரவர் புத்தியைப் பொறுத்தது. வாசலில் நிறுத்துவது யாருக்கும் உரிமையல்ல. 1924-இல் வைக்கத்தில் கேட்டதும் தெருவில் நடக்கும் உரிமையைத்தான்.

மற்றொரு உண்மையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மேல்பாதியில் வழி மறித்தவன் பார்ப்பானல்ல. நம்மைப் போலவே சூத்திரன் என்று சாஸ்திரத்தில் எழுதப்பட்ட, நம்மோடு கூட்டத்தில் உட்கார்ந்து கை தட்டுகிற, பிற்படுத்தப்பட்ட தோழர்களே. மனுதர்மம் தனக்கு மேலே இருப்பவனுக்குக் கொடுத்த தடியைப் பிடுங்க ஆசைப்படுகிறவன், அதே மனுதர்மம் தனக்குக் கொடுத்த சிறு தடியைக் கீழே போட மனமில்லாமல் இருக்கிறான். இதைச் சொன்னால் ஓட்டுப் போய்விடும் என்று பயந்த அபேட்சகர்கள் கச்சத்தீவைப் பற்றிப் பேசுவது வெகு சௌகரியம். தீவில் ஓட்டர் கிடையாது. அதைப் பற்றி எது பேசினாலும் நம் ஊரில் யாருக்கும் கோபம் வராது!

இதில் வெட்கப்படத் தக்க மற்றொரு விஷயம் உண்டு. ஆலயப் பிரவேசச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் வந்தது. அப்போது பிரதமராக இருந்தவர் யார்? நம் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியாரே. அவர் நம் கட்சிக்காரரல்ல, காங்கிரஸ்காரர், பக்திமான், 1948-இல் கருஞ்சட்டைப் படைக்குத் தடை போட்டதும் அவர் சர்க்காரே. ஆயினும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் ஆலயப் பிரவேசச் சட்டமும் அவர் காலத்தில் வந்ததை மறுப்பது யோக்கியமாகாது. அச்சட்டம் வந்து 76 வருஷமான பின், அவர் பிறந்த ஜில்லாவிலேயே, அச்சட்டம் அனுமதித்த காரியத்தைச் செய்தவன் அடி வாங்கினான். சட்டம் செய்யத் தலைவர் கிடைத்தார். அதை நடத்திவைக்க ஊரில் ஆள் இல்லை.

இனி இன்னொரு கட்சியாரின் ஆட்சேபத்தையும் கவனிப்போம். “ஈழத்தில் நம் இனம் கொத்துக்கொத்தாகச் செத்தபோது ஊர்ச் சாதிச் சண்டை பெரிதா?” என்பார்கள். இக்கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டியதுதான். உயிர் போகிற இடத்தில் அது எந்த நாடாயினும் மனிதன் பேசாமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. ஆனால் 2009 மே 13-ந் தேதி விழுப்புரத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அதற்கு முன் நடந்த தேர்தல்களில் திண்டிவனம் தொகுதியாக இருந்தது கலைக்கப்பட்டு, தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட விழுப்புரம் தொகுதியாக முதல் முறை ஓட்டு நடந்தது. அண்ணா தி.மு.க. கட்சித் தலைவி அதற்குச் சில வாரங்கள் முன்தான் தனி ஈழம் அமைப்பேன் என்று பேசத் தொடங்கினார். எதிரே நின்ற விடுதலைச் சிறுத்தைகளோ வெகு காலமாக ஈழத்துக்காகப் பேசி வந்தவர்கள். ஆனால் யுத்தத்தை நிறுத்தாத காங்கிரஸோடு கூட்டுச் சேர்ந்து நின்றார்கள். இரு பக்கமும் ஈழம்! இரு தட்டிலும் ஒரே கல்லைப் போட்டால் தராசு எந்தப் பக்கம் சாயும்? மூவாயிரத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் அண்ணா தி.மு.க. ஜெயித்தது. மே 16-ந் தேதி ஓட்டு எண்ணினார்கள். அடுத்த சில நாளில் முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்துபோயிற்று. நம் ஓட்டு ஒரு குண்டையும் தடுக்கவில்லை. ஜெயித்தவரையும் தோற்றவரையும் பார்த்து, இந்தத் தனித் தொகுதியில் இரட்டைக் குவளைக்கும் இரட்டைச் சுடுகாட்டுக்கும் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கும் சந்தர்ப்பமும் கைநழுவிற்று. இரண்டும் கெட்டது.

இதற்கு முன்னும் இப்படி ஒரு வருஷம் உண்டு. 1987 ஜூலை 29-ந் தேதி ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் உடன்படிக்கை செய்தார்கள். இந்தியப் பட்டாளம் இலங்கை போயிற்று. பத்திரிகை முழுதும் யாழ்ப்பாணமே. ஏழு வாரம் கழித்து, செப்டம்பர் 17-ந் தேதி, நம் ஜில்லாச் சாலைகளில் வன்னிய மக்கள் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் செய்தார்கள். அந்தப் போராட்டத்தில் 21 பேர் உயிர் கொடுத்தார்கள். டில்லியின் அந்நிய நாட்டுக் கொள்கை என்ன பலன் தந்தது? ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் மாண்டு, 1990-இல் பட்டாளம் வெறுங்கையோடு திரும்பியது. சாலையில் நின்றவர்கள் கேட்டது என்ன ஆயிற்று? 1989-இல் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் வந்தது. அதனால் முதல் முறையாகக் காலேஜ் வாசல் மிதித்த பிள்ளைகள் நம் ஜில்லாவில் ஊருக்கு ஊர் உண்டு. அந்த 21 பேருக்கு விழுப்புரத்தில் மணிமண்டபம் கட்டி 2025 ஜனவரியில் திறந்திருக்கிறார்கள். மணிமண்டபத்துக்குப் போகிறவர்கள், நமக்குச் சமூக நீதி வேண்டும் என்று கேட்டுச் செத்தவனின் பேரால், மேல்பாதியில் பக்கத்து வீட்டானுக்குச் சமூக நீதி மறுக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு வரட்டும்.

உண்மையில் உலக விவகாரம், ஊர் விவகாரம் என்று இரண்டாகப் பிரிப்பதே ஒரு சூழ்ச்சி. வீட்டில் மனைவியை அடிக்கிறவன் பஞ்சாயத்தில் வந்து தர்ம நியாயம் பேசினால் எவ்வளவு நம்புவீர்கள்? ஒரு நாட்டின் அந்நியக் கொள்கையும் அப்படியே. 1946-இல் ஐக்கிய நாடுகள் சபையில், தென்னாப்பிரிக்காவில் இந்தியரை நிறம் பார்த்து இழிவு செய்கிறார்கள் என்று இந்தியா வழக்குக் கொண்டுபோயிற்று. வெகு நல்ல காரியம். 2001-இல் அதே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நிற வேற்றுமை ஒழிப்பு மகாநாடு கூடியபோது, ஜாதியைப் பற்றியும் பேசவேண்டும் என்று தாழ்த்தப்பட்ட மக்கள் பிரதிநிதிகள் போய்க் கேட்டார்கள். கூடாது, அது எங்கள் வீட்டு விவகாரம் என்று அடம் பிடித்தது வாஜ்பாய் சர்க்கார். வெள்ளைக்காரன் நம்மைத் தொடாவிட்டால் உலக விவகாரமாம். நாம் நம்மவனைத் தொடாவிட்டால் வீட்டு விவகாரமாம்! 2023 செப்டம்பரில் டில்லியில் பல நாட்டுத் தலைவர்களைக் கூட்டி உலகமே ஒரு குடும்பம் என்று விளம்பரம் போட்டார்கள். அந்த வேளையில் மேல்பாதிக் கோயிலில் சர்க்கார் பூட்டுத் தொங்கிற்று. ஒரு கிராமம் ஒரு குடும்பமாகாத நாட்டில் உலகம் ஒரு குடும்பமாவது எங்ஙனம்?

ஜாதி கப்பலேறி விமானமேறிப் போய்விட்டதால், இப்போது அந்நிய நாட்டாரே அதைத் தடுக்கச் சட்டம் செய்கிறார்கள். அமெரிக்காவில் ஸியாட்டில் நகரசபை 2023 பிப்ரவரியில் ஜாதி பார்த்து வேற்றுமை செய்வதைச் சட்டப்படி தடை செய்தது. ஆகவே, ஜாதியைப் பற்றிப் பேசத் தெரியாதவனுக்கு இனி அந்நிய நாட்டு விவகாரமும் பேசத் தெரியாது என்றாகிவிட்டது.

முதலில் பெரிய விவகாரம், பிறகு சமூக விவகாரம் என்ற பேச்சு புதிதல்ல. 1895-இல் பூனாவில் காங்கிரஸ் கூடியபோது, அதுவரை அதே பந்தலில் கூடி வந்த சமூகச் சீர்திருத்த மகாநாட்டுக்குப் பந்தல் தர முடியாது என்று விரட்டினார்கள். முதலில் சுயராஜ்யம், ஜாதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். சுயராஜ்யம் 1947-இல் வந்தது. 1978 ஜூலையில் நம் விழுப்புரம் நகரத்தில் தாழ்த்தப்பட்ட தோழர்கள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். அந்தப் “பிறகு” எப்போது வரும்?

இதனால் உலகத்தைப் பற்றி நமக்கு அக்கறை வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரியார் 1931 கடைசியில் கப்பலேறி, 1932-இல் ருஷியா, ஜெர்மனி முதலிய தேசங்களைச் சுற்றிப் பார்த்து வந்தவர். அவர் பார்த்துவந்தது அங்குள்ள மனிதன் எப்படி வாழ்கிறான் என்பதை. அதை இங்கே வந்து ஊர் ஊராகச் சொன்னார். உலக விவகாரத்தை அப்படிப் பார்ப்பவர் நமக்கு வேண்டியவரே. கே.ஆர். நாராயணனையே எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்து, சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஸ்தானாபதியாகப் போய்வந்து, 1997-இல் ஜனாதிபதியானவர். நீதிபதிகள் நியமனக் காகிதம் கையெழுத்துக்கு வந்தபோது, தாழ்த்தப்பட்டோரில் தகுதியானவர்களையும் கவனிக்க வேண்டும் என்று குறிப்பெழுதினார். இரண்டு விவகாரமும் ஒரு மனிதனிடம் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

ஆகவே தோழர்களே, அபேட்சகர் வாசலுக்கு வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: நீ பேசுகிற காரியத்தைச் செய்ய, நீ கேட்கிற பதவிக்கு அதிகாரம் உண்டா? அமெரிக்க ஜனாதிபதியைப் பார்த்து யுத்தத்தைக் கேட்கலாம். விழுப்புரத்து மெம்பர் கச்சத்தீவை மீட்பேன் என்றால், எந்தச் சட்டப்படி, எத்தனை நாளில் என்று கேட்க வேண்டும்.

இரண்டு: தேர்தலுக்கு முன் இதைப் பற்றி எப்போதாவது வாய் திறந்திருக்கிறாயா? 19 நாள் வயசுள்ள ஆவேசத்துக்கு 5 வருஷப் பதவி கொடுக்க முடியாது.

மூன்று: உன் அதிகாரத்துக்கு உட்பட்ட காரியத்தில் என்ன செய்தாய்? இந்தக் கேள்விக்குச் சட்டமே நமக்குத் துணை. தாழ்த்தப்பட்டோர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்து 1995-ஆம் வருஷ விதிகளில் 17-ஆவது விதிப்படி, ஒவ்வொரு ஜில்லாவிலும் கலெக்டர் தலைமையில் ஒரு கண்காணிப்புக் கமிட்டி உண்டு. பார்லிமெண்டு மெம்பரும் சட்டசபை மெம்பர்களும் அதில் அங்கத்தினர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். அப்படியானால் 5 வருஷத்தில் 20 கூட்டம். எத்தனை கூடிற்று, நீ எத்தனைக்குப் போனாய், நம் ஊர்ச் சங்கதி எத்தனை முறை பேசினாய் என்று கேளுங்கள். இந்தக் கணக்கைக் கேட்கக் கொழும்புக்கும் போக வேண்டாம், வாஷிங்டனுக்கும் போக வேண்டாம். விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குத் தகவல் அறியும் சட்டப்படி ஒரு மனு எழுதிப் போட்டால் போதும்.

இந்த மூன்றுக்கும் பதில் சொல்லுகிறவர் எந்தக் கட்சியானாலும், எந்த ஜாதியானாலும், அவர் உலகத்தைப் பற்றிப் பேசட்டும், உட்கார்ந்து கேட்போம். பதில் சொல்லாமல் தீவைக் காட்டுகிறவரிடம், “தீவு இருக்கட்டும் ஐயா, முதலில் எங்கள் தெருவுக்கு வழி சொல்லும்” என்று கேட்டு அனுப்புங்கள். ஆனால் அப்படிக் கேட்பதற்கு முன், நம் தெருவில் வழி மறிக்கிறவர்களில் நாமும் ஒருவரா என்று அவரவர் கண்ணாடியைப் பார்த்துக்கொள்வது நலம்.